பில்டு முடிந்தது, பெட்டி பேசவில்லை: பாம்பன் கரையில் ஒரு கம்பைல் பதிவு

மீனவர்களுக்குக் கடல் நிலவரம் சொல்லும் இந்தப் பெட்டியின் வேலை சின்னது. விடிகாலை மூன்று மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் முன்கணிப்புக் கோப்பைத் திறந்து, அலை உயரமும் காற்றும் எவ்வளவு என்று வடகடலுக்கு ஒரு வரி, தென்கடலுக்கு ஒரு வரி தமிழில் சொல்ல வேண்டும். பாம்பன் தீவில் இரண்டும் ஒரே கடல் இல்லை. பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். வாடை வீசும் மாதங்களில் வடக்கே கொந்தளிப்பு. கச்சானும் சோழகமும் (மேல்காற்றும் தென்காற்றும்) எழுந்தால் தெற்கே. ஒரே எண்ணை இரண்டுக்கும் சொல்லும் பெட்டி இங்கே யாருக்கும் உதவாது.

உறுப்புகள்: 2 ஜிபி ராஸ்பெர்ரி பை 4, 32 ஜிபி கார்டு, 7 அங்குலத் திரை, 3.5 மிமீ ஜாக்கில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், 10 வாட் ஹார்ன் ஸ்பீக்கர், 12 வோல்ட் பேட்டரி, அதிலிருந்து 5.1 வோல்ட் 3 ஆம்பியர் தரும் பக் கன்வர்ட்டர். கேபிள் நுழையும் ஓட்டைகளுக்கெல்லாம் ரப்பர் கிளாண்டு கட்டாயம். உப்பங்காற்றில் யூஎஸ்பி முனைகள் பச்சை பிடிப்பது தனிக் கதை, இங்கே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது வேலையை முடித்து, தடை நீங்கும் நாளில் பெட்டி பேச வேண்டும் என்பது கணக்கு.

கார்டில் இருந்தது டெபியன் 11 அடிப்படையிலான 64 பிட் இயங்குதளம். அதில் நிரல்மொழி பைத்தான் 3.9, புவியியல் தரவுக் கோப்புகளைத் திறக்கும் ஜிடால் 3.2. நிரலுக்கு வேண்டியது பைத்தான் 3.12, ஜிடால் 3.8. பேச்சுக்கு ஈஸ்பீக்-என்ஜி, தமிழ் உச்சரிப்பு அகராதியைத் திருத்த வேண்டியிருந்ததால் அதுவும் மூல நிரலிலிருந்து. மூன்று கம்பைல், அதாவது மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றும் வேலை. மூன்றும் பிழை எண் 0, அதாவது எல்லாம் சரி என்று தந்து முடிந்தன. பெட்டியை ஓடவிட்டால் திரையில் அலை உயரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு, ஸ்பீக்கரில் மௌனம், பதிவேட்டுக் கோப்பு காலி. எங்கும் ஒரு சிவப்பு எழுத்து இல்லை.

மளிகைக் கடையில் பட்டியலைக் கொடுத்தால், இல்லாத சாமானை விட்டுவிட்டு "எல்லாம் போட்டாச்சு" என்று மூட்டையைக் கட்டிக் கொடுக்கும் கடைக்காரர் உண்டு. வீட்டுக்கு வந்து சமைக்கும்போதுதான் புளி இல்லை என்று தெரியும். நிரலைக் கட்டும் கருவிகளான பில்டு டூல்கள் பலவும் இந்த ரகம். ஒவ்வொன்றும் எங்கே, எப்படி வாயை மூடிக்கொள்கிறது, எப்படிப் பேச வைப்பது என்பதுதான் கீழே.

பைத்தான் 3.12

இது மூன்றில் நல்ல பிள்ளை. குறையைச் சொல்கிறது, ஆனால் சொல்லும் நேரம் சரியில்லை. கணினியில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் சோதிக்கும் கான்ஃபிகர் ஓடும்போது ஒவ்வொரு மாட்யூலுக்கும் (உள்துண்டுக்கும்) "உண்டு" அல்லது "இல்லை" என்று ஒரு வரி வரும். அது நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓடிவிடும். அதன்பின் கம்பைலைச் செய்யும் மேக் முடியும் இடத்தில் மறுபடியும், "இந்த விருப்ப மாட்யூல்களைக் கட்டத் தேவையானவை கிடைக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வரும். பிறகு 0 கொடுத்து வெளியேறும். மேக், இன்ஸ்டால் இரண்டையும் ஒரே வரியில் கோத்து ஓடவிடுவதுதான் எல்லோருக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் இன்ஸ்டாலின் வரிகள் அந்தப் பட்டியலைத் திரைக்கு மேலே தள்ளிவிடும்.

முன்கூட்டியே போட வேண்டிய பேக்கேஜ்கள்: பில்டு-எசென்ஷியல், லிப்எஸ்எஸ்எல்-டெவ், ஸெட்லிப்1ஜி-டெவ், லிப்பிஸெட்2-டெவ், லிப்எல்ஸெட்எம்ஏ-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ், லிப்ரீட்லைன்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ். வால் "டெவ்" முக்கியம். எஸ்க்யூலைட் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஓடுவதற்கான லைப்ரரி ஒரு பேக்கேஜ். கம்பைல் செய்ய வேண்டிய ஹெடர் ஃபைல் வேறொரு பேக்கேஜ். டெபியன் குடும்பத்தில் இரண்டும் தனித்தனி.

எது விடுபட்டால் எப்போது தெரியும் என்பதில்தான் ஆபத்தின் அளவு இருக்கிறது. ஸெட்லிப் இல்லாவிட்டால் இன்ஸ்டால் கட்டத்திலேயே, பைத்தான் பேக்கேஜ்களைப் போடும் கருவியான பிப்பைப் பிரித்து வைக்கும் இடத்தில் "விரிக்க முடியவில்லை, ஸெட்லிப் இல்லை" என்று உடைந்து நிற்கும். நல்லது. எஸ்எஸ்எல் இல்லாவிட்டால் முதல் பிப் கட்டளையில் தெரியும். ரீட்லைன் இல்லாவிட்டால் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தும்போது முந்தைய கட்டளைக்குப் பதில் கொக்கிக் குறிகள் விழும். எஸ்க்யூலைட் இல்லாதது நிரல் அதை இம்போர்ட் செய்யும் நாளில்தான். எல்ஸெட்எம்ஏ இன்னும் மோசம்: எக்ஸ்ஸெட் சுருக்கத்தில் ஒரு கோப்பு வந்து சேரும் வரை, அது மாதங்கள் கழித்தானாலும், ஒன்றும் தெரியாது.

ஆகவே மேக்கின் 0-ஐ நம்பாமல், இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே, கட்டிய டைரக்டரியில் உள்ள பைத்தானைக் கொண்டு ஒரே வரியில் எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட்3, ஸெட்லிப், பிஸெட்2, எல்ஸெட்எம்ஏ, சிடைப்ஸ், ரீட்லைன் ஏழையும் இம்போர்ட் செய்து பார்க்க வேண்டும். எது விழுந்தாலும் பேக்கேஜைப் போட்டு, மேக் டிஸ்ட்கிளீன் கொடுத்துப் பழையதைத் துடைத்து, கான்ஃபிகரிலிருந்து மறுபடி. இன்ஸ்டாலுக்குச் சாதாரண இன்ஸ்டால் வேண்டாம், ஆல்ட்இன்ஸ்டால். இல்லையென்றால் இயங்குதளத்தின் பைத்தான்3 என்ற பெயரை மறைத்துவிட்டு வேறு தலைவலி.

இன்னொரு பொறி. வெளிவரும் வரிகளைச் சேமிக்க மேக்கின் வெளியீட்டைக் குழாய் போட்டு, திரையிலும் கோப்பிலும் ஒருசேர எழுதும் டீ கட்டளைக்கு அனுப்புவார்கள். அப்போது ஷெல் தரும் பிழை எண் டீயினுடையது, மேக்கினுடையது இல்லை. மேக் நடுவழியில் செத்திருந்தாலும் 0 வரும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில், குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் போடாமல் இப்படிச் செய்யக்கூடாது.

ஜிடால் 3.8

அலைக் கோப்பு, வானிலை, கடல் தரவுக்குப் பயன்படும் நெட்சிடிஎஃப் வடிவம். அதைத் திறப்பது ஜிடாலின் நெட்சிடிஎஃப் டிரைவர். அந்த டிரைவருக்கு லிப்நெட்சிடிஎஃப்-டெவ் வேண்டும். அது கணினியில் இல்லாதபோது, ஜிடாலைக் கட்டத் தயார்செய்யும் கருவியான சிமேக் என்ன செய்தது? டிரைவரை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கட்டியது.

ஜிடால் மீது முழுப் பழியையும் போட முடியாது. வரைபட ஆயக் கணக்குக்கான ப்ரோஜ் லைப்ரரி கட்டாயம். அது இல்லாவிட்டால் சிமேக் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். மற்றவை விருப்பம். கடைசியில் "கிடைக்காத விருப்பப் பேக்கேஜ்கள்" என்று ஒரு நீண்ட பட்டியலும் அச்சாகிறது. சிக்கல் என்னவென்றால், ஜிடாலுக்கு டஜன் கணக்கில் விருப்ப லைப்ரரிகள் உண்டு. ஆரக்கிள் இல்லை, இசிடபிள்யூ இல்லை, மிஸ்டர்சிட் இல்லை, அதற்கிடையே நெட்சிடிஎஃப் இல்லை. இந்தப் பெட்டிக்கு அது ஒன்றுதான் உயிர் என்று சிமேக்குக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வது சொல்லாததற்குச் சமம்.

அடுத்தது பிழைச் செய்தி. டிரைவர் இல்லாத ஜிடாலிடம் கோப்பைக் கொடுத்தால், பிழை 4, "இது ஆதரிக்கப்படும் கோப்பு வடிவமாகத் தெரியவில்லை" என்று சொல்லும். படிப்பவர் கோப்பைத்தான் சந்தேகிப்பார். டவுன்லோடு பாதியில் அறுந்துவிட்டதோ என்று மறுபடி மறுபடி இறக்குவார். கரையோரத்தில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடும் இடத்தில் இந்தச் சந்தேகம் இயல்பானது, அதனாலேயே நேரம் தின்னும். ஜிடால்இன்ஃபோ கட்டளைக்கு ஃபார்மட்ஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் கட்டப்பட்ட டிரைவர்களின் பட்டியல் வரும். கோப்பைத் தொடும் முன் அதில் நெட்சிடிஎஃப் இருக்கிறதா என்று பார்ப்பது முப்பது நொடி வேலை.

நெட்சிடிஎஃப் இல்லாமல், மற்றொரு தரவு வடிவமான எச்டிஎஃப்5 மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் குழப்பம். நெட்சிடிஎஃப்-4 கோப்பு உள்ளே எச்டிஎஃப்5 தான் என்பதால் எச்டிஎஃப்5 டிரைவர் அதைத் திறந்துவிடும். எண்களும் வரும். ஆனால் நேர அச்சும் அட்சரேகை தீர்க்கரேகையும் நெட்சிடிஎஃப் டிரைவர் புரிந்துகொள்வதுபோல் வராது. முழுத் தோல்வியாவது கண்ணில் படும். இந்தப் பாதி வெற்றி படாது.

தீர்வு, "கிடைத்தால் சேர்" என்ற நிலையை அடியோடு எடுத்துவிடுவது. ஜிடாலில் வெளி லைப்ரரிகள் அனைத்தையும் ஒரே விருப்பத்தால் அணைக்கலாம்: ஜிடால் யூஸ் எக்ஸ்டர்னல் லிப்ஸ் என்பதற்கு ஆஃப். பிறகு வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி ஆன்: நெட்சிடிஎஃப், எச்டிஎஃப்5, எஸ்க்யூலைட்3, கர்ல். பெயர் சொல்லி ஆன் செய்த லைப்ரரி இல்லாவிட்டால், "பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது, கிடைக்கவில்லை" என்று சிமேக் அங்கேயே நிற்கும். கான்ஃபிகர் கட்டத்தில் ஒரு நிமிடத்தில் வரும் இந்தத் தடைதான் வேண்டியது. அணைக்கும் விருப்பத்தைக் காலியான பில்டு டைரக்டரியில்தான் கொடுக்க வேண்டும். சிமேக் தன் விடைகளை எழுதிவைக்கும் கேஷ் கோப்பு உருவான பிறகு கொடுத்தால் பயனில்லை.

இங்கேயும் எழுத்துப் பிழை என்ற குழி இருக்கிறது. கோப்பு நெட்சிடிஎஃப்-4 என்பதால் விருப்பத்தின் பெயரிலும் வாலில் ஒரு 4 சேர்த்து எழுதிவிட்டால், சிமேக் அப்படியொரு விருப்பமே இல்லை என்று நிற்காது. "கைமுறையாகக் கொடுத்த மாறிகள் பயன்படுத்தப்படவில்லை" என்று கடைசியில் ஓர் எச்சரிக்கை மட்டும் போட்டுவிட்டு 0 தரும். ஆட்டோகான்ஃப் வகைக் கான்ஃபிகரும் இதே குணம்: தெரியாத விருப்பம் என்று ஒரு எச்சரிக்கை, பிறகு வழக்கம்போல் வேலை. ஆகவே "அன்ரெகக்னைஸ்டு", "நாட் யூஸ்டு" என்ற இரண்டு சொற்களையும் வெளியீட்டில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டம்.

சிமேக்கில் பொதுவான ஆயுதம் ஒன்றும் உண்டு: ரெக்வயர் ஃபைண்ட் பேக்கேஜ் என்று தொடங்கும் மாறி. நிரலை எழுதியவர் விருப்பம் என்று வைத்த பேக்கேஜையும் கட்டுபவர் கட்டாயமாக்கலாம். ஆனால் அது சிமேக் 3.22-இல்தான் வந்தது. டெபியன் 11-இல் இருப்பது 3.18. அதில் இந்த மாறியைக் கொடுத்தால் எந்தக் காவலும் நடக்காது. காவலுக்கு ஆள் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம், அவ்வளவுதான். இதேபோல் பழைய கேஷைத் தூக்கிவிட்டு ஆரம்பிக்கும் ஃப்ரெஷ் விருப்பம் 3.24 முதல். 3.18-இல் பில்டு டைரக்டரியையே அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது ஒன்றுதான் வழி. அழிக்காமல் லைப்ரரியை மட்டும் இன்ஸ்டால் செய்து சிமேக்கை மறுபடி ஓடவிட்டால் சில சோதனைகள் திரும்ப நடக்காது. லைப்ரரி கிடைக்காத தேடலை சிமேக் மறுபடி செய்யும். ஆனால் "இந்த ஹெடர் இருக்கிறதா", "இந்த ஃபங்ஷன் இருக்கிறதா" என்ற வகைச் சோதனைகளின் "இல்லை" என்ற விடையைக் கேஷில் எழுதிவைத்து, அதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கம்பைல் கட்டத்தில் டிபெண்டன்சி (தேவையான வேறொரு லைப்ரரி) இல்லாத குறை போலத் தோன்றும் வேறொரு பிழை வரும். 2 ஜிபி ரேமில் நான்கு வேலைகளை ஒருசேர ஓடவிட்டால், நடுவில் "கில்டு" என்று ஒரு சொல்லைக் கக்கிவிட்டுக் கம்பைலர் விழும். எந்த லைப்ரரியும் காரணமில்லை, நினைவகம் தீர்ந்தது. ரேம் தீரும்போது கார்டில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப்பை வழக்கமான 100 எம்பியிலிருந்து 2048-க்கு உயர்த்தி, ஒருசேர இரண்டு வேலை மட்டும் என்று -ஜே2 கொடுத்து ஓடவிட வேண்டும். சில மணி நேரம் ஆகும். அதுவரை ராஸ்பெர்ரி பை மீது ஒரு சின்ன ஃபேன் ஓடட்டும். மே மாத மண்டபம் ஊர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் கம்பைல் செய்வது வீண்வம்பு.

இன்ஸ்டால் முடிந்ததும், புதிய லைப்ரரிகளைக் கணினிக்கு அறிவிக்கும் எல்டிகான்ஃபிக் ஓடவிடாவிட்டால் லிப்ஜிடால்.எஸ்ஓ.34 திறக்கவில்லை என்று வரும். அது சத்தம் போடும் பிழை, பயமில்லை. பழைய லிப்ஜிடால்28 பேக்கேஜ் கணினியில் தங்கியிருந்தால் எந்த ஜிடால்இன்ஃபோ எந்த லைப்ரரியைப் பிடிக்கிறது என்பதை எல்டிடி கொண்டு ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

டிரைவர் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் உண்மையான சோதனை ஒன்றுதான்: கடலில் ஒரு புள்ளியின் எண். ஜிடால்லொக்கேஷன்இன்ஃபோ கட்டளைக்கு டபிள்யூஜிஎஸ்84 விருப்பத்தோடு தீர்க்கரேகை 79.25, அட்சரேகை 9.5 கொடுத்தால் வடகடல், 79.25, 9.0 கொடுத்தால் தென்கடல். தீர்க்கரேகை முதலில். மாற்றிக் கொடுத்தால் வேறெங்கோ போய்விடும். பாம்பனின் சொந்த ஆயத்தையே கொடுக்கக்கூடாது. கால் டிகிரிக் கட்டம் கொண்ட கோப்பில் ஒரு கட்டம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் அகலம். தீவும் இரண்டு கடல்களும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து, நிலம் என்று குறிக்கப்பட்ட வெற்று மதிப்பு வரும். அப்போது டிரைவர் இருந்தும் எண் வராது, மறுபடி பில்டைச் சந்தேகிக்கத் தோன்றும்.

நம்பை இருந்தும் இல்லாத இணைப்பு

இதுதான் மூன்றில் அதிக நேரம் தின்ற இடம். பைத்தான் நிரலிலிருந்து ஜிடாலை அழைக்க உதவும் இணைப்பைப் பிப் கொண்டு போட்டாகிவிட்டது. இம்போர்ட் ஜிடால் வேலை செய்கிறது. அலை உயரத்தை வரிசையாக வாசிக்கும் இடத்தில், ஜிடால்_அர்ரே என்ற பெயரை இம்போர்ட் செய்ய முடியவில்லை என்று விழுகிறது. எண் வரிசைகளுக்கான பைத்தான் லைப்ரரியான நம்பை இருக்கிறதா என்று பார்த்தால், இருக்கிறது.

காரணம் இப்படி. பிப், மூலநிரல் பேக்கேஜைக் கட்டும்போது ஒரு தனி அறையை உருவாக்கி அதற்குள் கட்டுகிறது. வெளியே சூழலில் உள்ள நம்பை அந்த அறைக்குள் தெரியாது. ஜிடாலின் செட்டப் ஸ்கிரிப்ட் நம்பையைத் தேடிப் பார்த்து, இல்லை என்று கண்டு, "நம்பை இல்லை, அர்ரே ஆதரவு சேர்க்கப்படாது" என்று ஓர் எச்சரிக்கையை அச்சடித்துவிட்டுத் தொடர்கிறது. கட்டும்போது வரும் வரிகளைப் பிப் காட்டுவதில்லை. -வி கொடுத்தால்தான் தெரியும். ஆக எச்சரிக்கை சொல்லப்பட்டது, கேட்க ஆளில்லாத அறையில்.

அதோடு முடியவில்லை. குறையோடு கட்டி முடித்த பேக்கேஜை, அதாவது வீலை, பிப் தன் கேஷில் வைத்துக்கொள்ளும். நம்பையைச் சரிசெய்துவிட்டு, ஜிடாலை நீக்கி மறுபடி இன்ஸ்டால் செய்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அந்த வேகமே அடையாளம்: கட்டவில்லை, பழைய வீலை எடுத்துப் போட்டிருக்கிறது. ராஸ்பெர்ரி பையில் இந்த இணைப்பு கம்பைல் ஆக நிமிடக் கணக்கில் ஆக வேண்டும்.

சரியான வரிசை: முதலில் செட்டப்டூல்ஸ், வீல், நம்பை மூன்றையும் சூழலில் போட வேண்டும். பைத்தான் 3.12 முதல் புதிய சூழலில் செட்டப்டூல்ஸ் தானாக வருவதில்லை. இதைத் தெரியாதவர்கள் அடுத்த சுவரில் முட்டுவார்கள். நம்பை 1.26 போதும், ஜிடால் 3.8-க்கு 2 வரிசை வேண்டாம். பிறகு ஜிடாலை, பில்டு ஐசொலேஷன் வேண்டாம், கேஷ் வேண்டாம், கட்டாயமாக மறுபடி இன்ஸ்டால் செய் என்ற மூன்று விருப்பங்களோடு, ஜிடால்-கான்ஃபிக் சொல்லும் அதே பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டுப் போட வேண்டும். எண் பொருந்தாவிட்டால் கம்பைலில் வேறு பிழைகள் வரும்.

கட்டும் கருவி மட்டும் வாயை மூடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிரலிலேயே, ஜிடால்_அர்ரேயை இம்போர்ட் செய்ய முயன்று, முடியாவிட்டால் வெற்று மதிப்பு வைத்துக்கொள் என்று நான்கு வரி இருந்தது. திரையில் எண்ணுக்குப் பதில் கோடு வந்தது அதனால்தான். ஜிடாலும் தன் பங்குக்கு, பைத்தானில் வழக்கமாக எக்ஸெப்ஷன் (நிரலை நிறுத்தும் பிழை) எழுப்பாது. ஓப்பன் தோற்றால் நன் (ஒன்றுமில்லை) என்று திருப்பித் தரும். நிரலின் முதல் வரியில் யூஸ்எக்ஸெப்ஷன்ஸ் அழைத்தாக வேண்டும். பில்டு ஒரு மறைப்பு, இணைப்பு ஒரு மறைப்பு, நிரல் ஒரு மறைப்பு என்று மூன்று பாய் போர்த்திக் கிடந்தன விடுபட்ட லைப்ரரிகள். அந்த நான்கு வரி நீக்கப்பட்டது. ஜிடால் இல்லாமல் இந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை. அது இல்லாவிட்டால் நிரல் விழட்டும்.

ஈஸ்பீக்-என்ஜி

ஸ்பீக்கரின் மௌனத்துக்கு வருவோம். ஈஸ்பீக்-என்ஜிக்கு ஒலியை வெளியே அனுப்ப பிசிஆடியோலிப் வேண்டும், ஆனால் அது விருப்பம். இல்லாவிட்டால் கட்டளை ஓடும், எழுத்தை உச்சரிப்பாக மாற்றும், 0 தந்து முடியும், சத்தம் மட்டும் வராது. வேகப் பேச்சுக்கான சோனிக் லைப்ரரியும் அப்படித்தான். கரைக்கு அது தேவையில்லை, மெதுவாகப் பேசினால்தான் அலைச் சத்தத்தில் கேட்கும்.

ஆனால் பை 4-இல் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: திரை எச்டிஎம்ஐயில் இருந்தால் ஒலியும் அங்கே போய்விடும். இரண்டையும் பிரித்தறிய, ஈஸ்பீக்குக்கு -டபிள்யூ கொடுத்து ஒரு வேவ் கோப்பாக எழுதச் சொல்லி, அதை ஏபிளே கொண்டு ஓடவிட வேண்டும். ஏபிளேயிலும் சத்தம் இல்லையென்றால் ஒலிச்சாதனத் தேர்வு தவறு. ஏபிளே பேசி ஈஸ்பீக் நேராகப் பேசவில்லையென்றால் பிசிஆடியோலிப் இல்லாமல் கட்டியது. உறுதிசெய்ய லிப்ஈஸ்பீக்-என்ஜியை எல்டிடியில் பார்த்தால் லிப்பிசிஆடியோ வரி இருக்காது.

லிப்பிசிஆடியோ-டெவ் போட்டு, மேக் டிஸ்ட்கிளீன் கொடுத்து, மறுபடி கான்ஃபிகர். முடிவில் வரும் சுருக்கத்தில் அந்த லைப்ரரிக்கு எதிரே "எஸ்" இருக்க வேண்டும். பிசிஆடியோலிப்பையும் மூலத்திலிருந்து கட்டுபவர்கள் கவனிக்க: அதற்கும் லினக்ஸின் ஒலி அமைப்புகளான ஆல்சா, பல்ஸ்ஆடியோ இரண்டும் விருப்பம். இரண்டும் இல்லாமல் கட்டிவிட்டால் ஈஸ்பீக்கின் சுருக்கத்தில் "எஸ்" வந்தும் பெட்டி ஊமைதான்.

இந்த வகை மூலநிரல்களில் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டை உருவாக்கும் ஆட்டோஜென் கட்டத்திலேயே மற்றொரு பழைய நோய் உண்டு. லைப்ரரிகள் எங்கே என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கணினியில் இல்லாமல் ஆட்டோகான்ஃப் ஓடினால், அதன் மேக்ரோ விரியாமல் அப்படியே கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டுக்குள் தங்கிவிடும். பிறகு கான்ஃபிகரை ஓடவிட்டால் ஆயிரத்துச் சொச்சமாவது வரியில் ஷெல் தொடரியல் பிழை என்று வரும். விடுபட்டது பிகேஜி-கான்ஃபிக் என்று அந்தச் செய்தியில் ஒரு சொல்லும் இருக்காது. கான்ஃபிகரில் தொடரியல் பிழை என்று கண்டால் அந்த வரிக்குள் போய்த் துருவ வேண்டாம். பிகேஜி-கான்ஃபிக்கைப் போட்டுவிட்டு ஆட்டோஜென்னிலிருந்து மறுபடி தொடங்கவும்.

தமிழ் அகராதி மூலங்கள் டிக்ட்சோர்ஸ் டைரக்டரியில் உள்ள டிஏ_லிஸ்ட், டிஏ_ரூல்ஸ் கோப்புகள். சொந்தச் சொற்களை டிஏ_எக்ஸ்ட்ரா என்ற தனிக் கோப்பில் வைத்தால் அடுத்த பதிப்பு வரும்போது அழியாது. அந்த டைரக்டரிக்குள் நின்றுகொண்டே கம்பைல்=டிஏ கொடுக்க வேண்டும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்

நிரல் எழுதியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே மூலநிரல் பெரிய சர்வரிலும் கட்டப்பட வேண்டும், கைப்பிடி அளவு ரவுட்டரிலும் கட்டப்பட வேண்டும். எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால் பாதிப் பேர் கட்டவே முடியாது. ஆகவே கிடைத்ததைச் சேர், கிடைக்காததை விடு. ஜென்டூ லினக்ஸ்காரர்கள் இதை "ஆட்டோமேஜிக்" டிபெண்டன்சி என்று கிண்டலாகவே அழைக்கிறார்கள். ஒரே கட்டளை இரண்டு கணினியில் இரண்டு விதப் பொருளைக் கட்டினால் பேக்கேஜ் செய்பவர் என்ன செய்வார்?

நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். வீடியோ கருவியான எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு கோடெக்கைப் பெயர் சொல்லிக் கேட்டு அது இல்லாவிட்டால் கான்ஃபிகர் உடனே நிற்கும். தானாகத் தேடுவதை மொத்தமாக அணைக்க டிஸேபிள்-ஆட்டோடிடெக்ட் உண்டு. மெசான் என்ற பில்டு கருவியில் டிபெண்டன்சி இயல்பாகவே கட்டாயம்; "ஆட்டோ" என்று விட்டவற்றையும் ஆட்டோ_ஃபீச்சர்ஸ்=எனேபிள்டு என்ற ஒரே விருப்பத்தால் கட்டாயமாக்கலாம். ஆர் மொழியின் கர்ல் பேக்கேஜ் இன்னும் ஒருபடி மேல்: லைப்ரரி இல்லையென்றால், டெபியனில் இந்தப் பேக்கேஜைப் போடு, ஃபெடோராவில் இதைப் போடு என்று பெயரோடு சொல்லும். எது இல்லை என்பதை எல்லோரும் ஒருவழியாகச் சொல்லிவிடுவார்கள். எதைப் போட வேண்டும் என்று சொல்பவர்கள் அபூர்வம்.

சொல்லாத இடத்தில் ஆப்ட்-ஃபைல் உதவும். "எஃப்எஃப்ஐ.எச் இல்லை" என்று வந்தால் அந்தக் கோப்புப் பெயரை ஆப்ட்-ஃபைல் சர்ச்சில் கொடுத்தால் லிப்எஃப்எஃப்ஐ-டெவ் என்று வரும். ஒருமுறை ஆப்ட்-ஃபைல் அப்டேட் செய்திருக்க வேண்டும், அதற்கு நெட் வேண்டும்.

அதனால்தான் பெட்டியைக் கரைக்குக் கொண்டுபோகும் முன்பே, ராமநாதபுரத்தில் நல்ல இணைப்பு இருக்கும்போது, மேலே சொன்ன டெவ் பேக்கேஜ்கள் அனைத்தையும் டவுன்லோட்-ஒன்லி விருப்பத்தோடு இறக்கி, வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் டைரக்டரியில் சேர்ந்த டெப் கோப்புகளைப் பென்டிரைவுக்கு நகல் எடுத்தாகிவிட்டது. பில்டு-டெப் ஜிடால் என்ற குறுக்குவழியும் உண்டு. அது சோர்ஸ் வரிகள் திறந்திருந்தால்தான் ஓடும், 3.2 பதிப்புக்கான பட்டியலைத்தான் தரும். இந்தப் பெட்டிக்கு வேண்டாத பலவற்றையும் சேர்த்து இழுக்கும். கையால் எழுதிய பட்டியலே மேல்.

சோதனைச் சீட்டு

இப்போது பெட்டி ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் முன்கணிப்பைத் தொடும் முன் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஏழு மாட்யூல் இம்போர்ட். ஜிடால்_அர்ரே இம்போர்ட். டிரைவர் பட்டியலில் நெட்சிடிஎஃப். கார்டிலேயே வைத்திருக்கும் ஒரு மாதிரிக் கோப்பிலிருந்து வடகடல் புள்ளிக்கும் தென்கடல் புள்ளிக்கும் எண். இரண்டும் முன்பே எழுதிவைத்த மதிப்போடு பொருந்த வேண்டும். லிப்ஈஸ்பீக்-என்ஜியில் லிப்பிசிஆடியோ. சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியில் இந்த ஸ்கிரிப்ட் தோற்றால் முதன்மைச் சேவை தொடங்காது, திரையில் எந்தச் சோதனை விழுந்தது என்று தமிழில் ஒரு வரி மட்டும் நிற்கும். இயங்குதள அப்டேட் ஏதாவது லைப்ரரியை நகர்த்தினாலும் இங்கேதான் பிடிபடும், விடிகாலை மூன்று மணி அறிவிப்பில் இல்லை.

ஸ்பீக்கர் உண்மையில் சத்தம் போட்டதா என்பதை ஸ்கிரிப்ட் அறியாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும். ஆகவே சோதனை தேறியதும் பெட்டி "வடகடல், தென்கடல், சோதனை" என்று மூன்று சொல் பேசும். கேட்டவர் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியுள்ள தாளில் தேதி போட்டு வைக்கிறார். தாளில் பேக்கேஜ் பட்டியலும், ஜிடால், பைத்தான், நம்பை பதிப்பு எண்களும், கொடுத்த சிமேக் விருப்பங்களும் எழுத்துப் பிழையின்றி அச்சிட்டிருக்கிறது. முதலில் ஒட்டிய தாள் உப்பு ஈரத்தில் மை கலைந்து வாசிக்க முடியாமல் போனது. இரண்டாவது லேமினேட் செய்தது. அதில் தேதி எழுதப் பெர்மனன்ட் மார்க்கர் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே நூலில் கட்டிவிட்டிருக்கிறது.